பின்சீட்டுக்கு அடியில் விட்ட ஓட்டை

கல்பாக்கத்தில் எங்கள் குவார்ட்டர்ஸிலிருந்து பார்த்தால் கடல் தெரியாது. ஆனால் வீட்டில் இருந்த இரும்பு அத்தனைக்கும் கடல் பக்கத்தில்தான் இருக்கிறது என்று தெரியும். ஜன்னல் கம்பி, கேஸ் அடுப்பின் கால், மகளின் ஜியாமெட்ரி பாக்ஸ், பீரோவின் அடித்தட்டு. ஒன்றைத் தேய்த்துப் பெயின்ட் அடித்து முடிப்பதற்குள் இன்னொன்று பழுப்பேறியிருக்கும். என் கணவருக்கு ஷிஃப்ட் வேலை. வீட்டில் இருக்கும் நேரத்தில் பாதி தூக்கத்தில் போய்விடும். அதனால் துருவைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பாகிவிட்டது. நான் டிப்ளமோ முடித்துவிட்டு அலுவலகத்தில் வரைபடப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள். அளவெடுப்பதும் கோடு போடுவதும் கைக்குப் பழகியவை. உப்புத்தாளும் ரெட் ஆக்சைடு டப்பாவும் எங்கள் சமையலறை லாஃப்டில் பருப்பு டின்களுக்குப் பக்கத்திலேயே இருக்கும்.

கார் வாங்கியது மகளுக்காக. தொண்ணூறுகளின் நடுவில் அவளுக்கு ஏழு வயது. இளைப்பு இருந்தது. மூச்சு விடும்போது நெஞ்சில் பூனைக்குட்டி கத்துவதுபோல் ஒரு சத்தம் வரும். செங்கல்பட்டில் குழந்தைகள் டாக்டர் ஒருவரிடம் காட்டிக்கொண்டிருந்தோம். சனிக்கிழமை மாலையில் போகவேண்டும். அதுவரை ஸ்கூட்டரில்தான் போவோம். திருக்கழுக்குன்றம் தாண்டி ஏரிக்காற்று முகத்தில் அடிக்கும்போது அவளுக்கு இருமல் ஆரம்பித்துவிடும். டாக்டரிடம் போவதற்காகக் கிளம்பி, போகிற வழியிலேயே இளைப்பைக் கூட்டிக்கொள்வதுபோல் இருந்தது. அந்தச் சமயத்தில் எங்கள் தெருவில் ஒருவர் ரிடையராகி ஊருக்குப் போனார். வெளிர்பச்சை நிறத்தில் ஒரு பழைய காரைப் பத்து வருஷமாக ஓட்டி, வேப்பமரத்தடியில் நிறுத்தி வைத்திருந்தார். அதை வாங்கினோம்.

அதன் தளம் எப்படிக் கெட்டது என்பதற்கு அந்தப் பக்கத்தில் குடியிருந்தவர்களுக்கு மட்டும் புரிகிற ஒரு காரணம் உண்டு. கல்பாக்கத்தில் வேலை என்றால் மதுரையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் சொந்தக்காரர்கள் லீவுக்கு வருவார்கள். வந்தால் மாமல்லபுரம் காட்டியாகவேண்டும். சிற்பத்தைப் பத்து நிமிஷம் பார்ப்பார்கள், அலையில் இரண்டு மணி நேரம் நிற்பார்கள். ஈரப் புடவையோடும் மணல் காலோடும் அப்படியே காரில் ஏறிவிடுவார்கள். விருந்தாளியிடம் காலைக் கழுவிவிட்டு ஏறுங்கள் என்று எப்படிச் சொல்வது. விற்றவர் வீட்டிலும் இதே கதைதான் நடந்திருக்கும். நாங்கள் இன்னும் ஒரு படி மேலே போனோம். உப்பு போகட்டும் என்று மறுநாள் காருக்குள் பக்கெட் பக்கெட்டாக நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவினோம். தண்ணீர் கார்ப்பெட்டுக்கு அடியில் இருந்த கயிற்று மெத்தைக்குள் போய்த் தங்கியது. மேலே காய்ந்துவிடும். கீழே மாதக்கணக்கில் ஈரம்.

ஒருநாள் என் கால் வைக்கும் இடத்தில் தரை அமுங்கியது. கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்தேன். கீழே எங்கள் வாசல் சிமென்ட் தெரிந்தது. மகளுக்குச் சந்தோஷம். அடுத்த சனிக்கிழமை பயணத்தில் முன்சீட்டில் என் மடிமேல் குனிந்துகொண்டு, வேர்க்கடலைத் தோலை ஓட்டை வழியாக ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வந்தாள். பின் கண்ணாடி வழியாக அது பறப்பதைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

புதுப்பட்டினத்தில் ஒரு டிங்கரிங் ஷெட்டில் காட்டினோம். அந்த டிங்கருக்கு என்னைவிட ஐந்து வயது குறைவாக இருக்கும். வாயில் வெற்றிலை. காருக்கு அடியில் மல்லாந்து படுத்து ஸ்க்ரூடிரைவரால் அங்கங்கே தட்டிவிட்டு வெளியே வந்து, இரண்டு பக்கமும் ஓட்டை வழியாகக் காலை விட்டு ரோட்டை மிதித்தால் பெட்ரோலே வேண்டாம் என்றார். என் கணவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சீட்டு, கார்ப்பெட், சைலன்ஸர் எல்லாவற்றையும் கழற்றி, தளம் முழுவதும் புதுத் தகடு வைத்து வெல்டிங் அடிக்கவேண்டும், பத்து நாள் வண்டியை விட்டுவிட்டுப் போங்கள் என்றார். பத்து நாள் என்றால் இடையில் ஒரு சனிக்கிழமையாவது போய்விடும். மறுபடியும் ஸ்கூட்டர், மறுபடியும் ஏரிக்காற்று. நான் வேண்டாம் என்றேன். வீட்டிலேயே பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு என் கணவரைப் பார்த்தார். என் கணவர் என்னைப் பார்த்தார்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் வேலை செய்தேன். பழைய இரும்புக் கடையில் ஒரு பீரோ கதவு வாங்கி வந்தேன். முன்பக்கம் மூன்று ஓட்டைகள். கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டி, ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே போனேன். நல்ல தகடு என்றால் கணீர் என்று சத்தம் வரும். கெட்ட இடத்தில் சத்தம் செத்துப்போகும். செத்த இடம் முழுவதையும் கத்தரித்து எடுத்துவிடவேண்டும். அதனால் ஓட்டை முதலில் இருந்ததைவிட இரண்டு மடங்கு ஆகிவிடும். அதைப் பார்க்கக் கொஞ்சம் தைரியம் வேண்டும். சட்டை டப்பா அட்டையில் ஓட்டையின் அளவை வெட்டி, அதைக் கதவுத் தகட்டில் வைத்துக் கோடு போட்டு, அரை அங்குலம் கூடுதலாக வெட்டினேன். அம்மிக்கல்லின்மேல் வைத்துத் தட்டி வளைவு கொடுத்தேன். என் கணவர் நண்பரிடமிருந்து ரிவிட் அடிக்கும் கருவி வாங்கி வந்தார். ஓர் அங்குலத்துக்கு ஒரு ரிவிட். ஓரத்து இடுக்கை அடைக்கப் புட்டி, மேலே ரெட் ஆக்சைடு, கீழே தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு பெண் செய்த வேலை என்பதற்காகவே இரண்டு பேர் கூடுதல் நேரம் நின்றார்கள்.

பின்சீட்டுக்கு அடியிலும் ஓர் ஓட்டை இருந்தது. எனக்குத் தெரியும். முன்னாலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தபோது உள்ளங்கை அகலத்துக்கு வெளிச்சம் கீழே போனது. அதை அடைக்கச் சீட்டைக் கழற்றவேண்டும். சீட்டைப் பிடித்திருந்த இரண்டு போல்ட்டும் துருவில் இறுகியிருந்தன. மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்துத் திருகியதில் ஒன்றின் தலை முறிந்து கையோடு வந்தது. இரண்டாவது ஞாயிறு, மணி நான்கு இருக்கும். முதுகு விட்டுப்போயிருந்தது. மறுநாளைக்கு மாவு அரைக்கவேண்டும். அந்த இடத்தில் யாரும் கால் வைக்கப்போவதில்லை, தண்ணீரும் தெறிக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு சாக்கை நான்காக மடித்து, கையை விட்டு அந்த ஓட்டைமேல் திணித்தேன். கார்ப்பெட்டைப் போட்டு மூடினேன். என் கணவரிடம் எல்லாம் முடிந்தது என்று சொன்னேன்.

கையோடு கதவுகளின் ரப்பர் பீடிங்கையும் மாற்றினேன். இனி ஒரு இடுக்கிலும் காற்று வராது என்று அவளிடம் சொன்னது ஞாபகம் இருக்கிறது. கீழே ரோடு தெரியவில்லை என்று அவள் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். முன்சீட்டில் அவளுக்கு இனி வேலையில்லை. பின்சீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ள ஆரம்பித்தாள்.

அதன்பிறகுதான் சனிக்கிழமைகளில் அவளுக்குத் தூக்கம் வர ஆரம்பித்தது. திருக்கழுக்குன்றம் வருவதற்குள் கண்ணை மூடிவிடுவாள். செங்கல்பட்டில் எழுப்பினால் தலை வலிக்கிறது என்பாள். ஒருமுறை டாக்டரின் வாசலிலேயே வாந்தி எடுத்தாள். காரில் போனால் சில பிள்ளைகளுக்கு இப்படித்தான் என்று அலுவலகத்தில் எல்லோரும் சொன்னார்கள். எலுமிச்சம்பழம் வாங்கி அவள் கையில் கொடுத்து முகர்ந்துகொண்டே வரச் சொன்னேன். அந்த மாதம் டாக்டர் இளைப்புக்குப் புதிதாக ஒரு சிரப் எழுதியிருந்தார். கொஞ்சம் தூக்கம் வரலாம் என்றும் சொல்லியிருந்தார். எனக்குக் காரணம் கிடைத்துவிட்டது. அந்த சிரப்பைத் தினமும்தான் குடித்தாள், தூக்கம் மட்டும் ஏன் சனிக்கிழமையில் வருகிறது என்று நான் யோசிக்கவில்லை. இத்தனைக்கும் இளைப்பு நன்றாகக் குறைந்திருந்தது. பள்ளியில் ஓட்டப்பந்தயத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்து நின்றாள்.

எனக்கும் தலை வலித்தது. சனிக்கிழமை இரவு முழுவதும் நெற்றியில் ஒரு கயிறு கட்டியதுபோல் இருக்கும். வாரம் முழுக்க வேலை, வீடு, டாக்டர் என்று அலைகிறேன், வலிக்காமல் என்ன செய்யும் என்று தைலம் தேய்த்துக்கொண்டு படுத்துவிடுவேன். என் கணவர் ஜன்னலை இரண்டு விரல் இறக்கி வைத்துக்கொண்டு ஓட்டுகிறவர். நான்தான் ஏற்றச் சொல்லுவேன்.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை. காலையிலிருந்து மழை. போகவேண்டாம் என்று அவர் சொன்னார். போன வாரம்தான் டாக்டர் வெளியூர் என்று போகாமல் விட்டோம், இந்த வாரமும் விடமுடியாது என்று நான் கிளப்பினேன். திருக்கழுக்குன்றம் தாண்டி ஓர் இடத்தில் ஏரி நிரம்பி, தண்ணீர் ரோட்டுக்குக் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது. ஒரு லாரி நடுவில் நின்றுபோயிருந்தது. அதற்குப் பின்னால் ஒரு பஸ், பஸ்ஸுக்குப் பின்னால் நாங்கள். பேட்டரி பலவீனமாக இருந்தது. இஞ்சினை நிறுத்தினால் மறுபடியும் கிளம்பாது, மழையில் இறங்கித் தள்ளவேண்டும். அதனால் அணைக்காமல் நின்றோம். நாலு கண்ணாடியையும் ஏற்றியிருந்தோம். கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது. அரை மணி நேரம் இருக்கும்.

எனக்கு வயிற்றைப் புரட்டியது. லாரியை நகர்த்திவிட்டார்களா பார்க்கிறேன் என்று குடையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். கால் துணிபோல் இருந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு நின்று நாலைந்து முறை மூச்சு இழுத்ததும் தலை தெளிந்தது. அப்படித் தெளிந்தபோதுதான் ஏதோ சரியில்லை என்று எனக்குப் பட்டது. பின்கதவைத் திறந்து அவளைக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. தோளைப் பிடித்து உலுக்கினேன். தலை என் கை போன பக்கமெல்லாம் சாய்ந்தது. எலுமிச்சம்பழம் அவள் கையிலிருந்து விழுந்து சீட்டில் உருண்டது.

அவளை வெளியே இழுத்து, ரோட்டில் மழையில் உட்கார்ந்து, மடியில் போட்டுக்கொண்டேன். மழைத்துளி பட்டாலே இளைக்கும் என்று ஏழு வருஷம் பொத்தி வைத்திருந்த குழந்தை. பஸ்ஸிலிருந்து கண்டக்டர் ஓடி வந்தார். என் கணவர் அவள் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவள் வாந்தி எடுத்தாள். பிறகு கண்ணைத் திறந்து, "ஏம்மா நனையிற?" என்று கேட்டாள்.

லாரியை ஓரம் தள்ளியதும் அதே பஸ்ஸில் அவளைத் தூக்கிக்கொண்டு செங்கல்பட்டு போனோம். கார் ரோட்டோரத்திலேயே நின்றது. ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். டியூட்டியில் இருந்தவர் சின்ன வயது டாக்டர். என்ன மருந்து சாப்பிடுகிறாள் என்று கேட்டார். சொன்னேன். அது குடித்தால் தூங்குகிறாளா என்று கேட்டார். ஆமாம், எப்போதும் தூங்கித்தான் போகிறாள் என்று நானே சொன்னேன். உடனே நிறுத்துங்கள், அவளுக்கு அது சேரவில்லை என்றார். மறுநாள் காலையில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

சிரப்பை நிறுத்தினோம். செவ்வாய்க்கிழமை பூனைக்குட்டி மறுபடியும் வந்துவிட்டது. புதன்கிழமை அவளால் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசமுடியவில்லை. தலையணையை உயரமாக வைத்துச் சாய்த்து உட்கார வைத்திருந்தேன்.

அன்றைக்குத்தான் டிங்கர் ஆள் அனுப்பினார். என் கணவர் சொல்லிவிட்டதில் ரோட்டோரத்திலிருந்த கார் அவருடைய ஷெட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது. நான் மட்டும் போனேன். தளத்தைப் பார்ப்பதற்காக, முறிந்த போல்ட்டை அறுத்துப் பின்சீட்டைக் கழற்றி வெளியே சாய்த்து வைத்திருந்தார். சீட்டின் அடிப்பக்கம் முழுக்கக் கரி. நான் மடித்து வைத்த சாக்கு நடுவில் பொசுங்கி, ஓரங்கள் மட்டும் மிச்சம் இருந்தன. ஓட்டைக்கு நேர் கீழே சைலன்ஸர். அதன் மேல்பக்கம் துரு தின்று வாயைப் பிளந்திருந்தது. மேல்பக்கம் என்பதால் குனிந்து பார்த்தவர்கள் யாருக்கும் தெரிந்திருக்காது. புகை நேராக அவள் தலை வைத்துப் படுக்கும் இடத்துக்கு வந்திருக்கிறது.

டிங்கர் முன்பக்கம் என் ரிவிட் வரிசையை விரலால் தடவிப் பார்த்தார். "யக்கா, முன்னாடி பூரா டைலர் மாறி தெச்சிகீறீங்க. பின்னாடி இன்னாத்துக்கு உட்டீங்க?"

அவரே தொடர்ந்தார். முன்னால் ஓட்டை இருந்தவரைக்கும் அது வழியாகக் காற்று வந்து கலைத்திருக்கும், அதையும் அடைத்து ரப்பரும் போட்டதும் உள்ளே வந்த புகைக்கு வெளியே போக வழியில்லை என்று, குற்றம் சொல்லும் குரலில் இல்லாமல், வண்டியைப் பற்றிப் பேசுகிறவராகவே சொன்னார். சொல்லிவிட்டு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். என் முகத்தில் ஏதோ தெரிந்திருக்கவேண்டும்.

அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தபோது எனக்குப் புரிந்த விஷயம் ஒன்றுதான். சிரப் அவளை ஒன்றும் செய்யவில்லை. அவளுக்கு ஒத்துக்கொண்ட ஒரே மருந்து அது. என் வாயால் சொன்னதை நம்பி அதை நிறுத்தியிருக்கிறார்கள். நான் போய் மாற்றிச் சொன்னால்தான் அது திரும்பக் கிடைக்கும். மாற்றிச் சொல்வதென்றால் ஓட்டையைப் பற்றியும் சொல்லவேண்டும்.

வீட்டுக்குப் போனதும் என் கணவரிடம் சொன்னேன். நைட் ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். பின்னால் ஓட்டை இருந்தது, எனக்குத் தெரியும், முடிந்தது என்று பொய் சொன்னேன் என்றேன். அவர் சட்டை பட்டனை ஒவ்வொன்றாகப் போட்டு முடித்தார். பிறகு, "டாக்டர்கிட்ட நான் சொல்லட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அவர் திட்டியிருந்தால் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

வியாழக்கிழமை லீவு போட்டு அவளைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன். செங்கல்பட்டு டாக்டர் வழக்கம்போல் ஸ்டெதஸ்கோப்பை அவள் முதுகில் வைத்துக் கேட்டார். முகம் மாறியது. மருந்தை நிறுத்திவிட்டீர்களா, ஏன் என்று கேட்டார். நான் முதலில் ஆஸ்பத்திரியில் நிறுத்தச் சொன்னார்கள் என்றுதான் ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்திவிட்டு, இல்லை சார் என்று மறுபடியும் ஆரம்பித்தேன். பீரோ கதவு, அட்டை, ரிவிட், சாக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவசியமில்லாததையும் சொன்னேன். அறையில் மகள் இருந்தாள். கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "உங்களுக்கு ஏதாவது இருந்ததா? வண்டியில வரும்போது?"

"தலைவலி சார். ஒவ்வொரு சனிக்கிழமையும்."

"இத்தனை நாளா இங்க வர்றீங்க. ஒரு தடவைகூடச் சொல்லலையே. ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல வலிக்குதுன்னா நான் அன்னிக்கே வண்டியைப் பத்திக் கேட்டிருப்பேனே."

"நான் அவளைக் காட்டத்தானே சார் வந்தேன்," என்றேன்.

அவர் மகளுக்கு அங்கேயே மூச்சுக்கு மருந்து கொடுக்கச் சொன்னார். அதே சிரப்பை மறுபடியும் எழுதினார். பிறகு இன்னொரு தாளை எடுத்து என் பெயரையும் வயதையும் கேட்டு எழுதி, கையை நீட்டச் சொல்லி நாடி பார்த்தார். குழந்தைகள் டாக்டரிடம் என் நாடியைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது கூச்சமாக இருந்தது. கண் கீழிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, ரத்தம் குறைவாக இருக்கும்போல, டெஸ்ட் எடுங்கள் என்றார்.

காரை டிங்கரிடமே விட்டுவிட்டோம். பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள் என்றதற்கு, இஞ்சின் நன்றாக இருக்கிறது, முழுத் தளமும் மாற்றித் தருகிறேன் என்று இரண்டுமுறை சொல்லி அனுப்பினார். நல்ல வேலைக்காரர், மாற்றியிருப்பார். எனக்கு அந்தப் பச்சை நிறத்தைப் பார்க்கவே முடியவில்லை. இன்றைக்கும் நின்றுகொண்டிருக்கும் எந்தக் காரிலும் இஞ்சின் ஓடினால் நான் கதவைத் திறந்துவிடுகிறேன். மகள் இப்போது நாவலூரில் வேலை பார்க்கிறாள். ஆபீஸ் காரில் சிக்னலில் நிற்கும்போதும் அம்மாவுக்குப் பயந்து கண்ணாடியை இறக்குகிறேன் என்று கேலி செய்வாள். இறக்குகிறாளா என்று எனக்குத் தெரியாது.

அன்று திரும்பும் பஸ்ஸில் இரண்டு பேர் உட்காரும் சீட்டு கிடைத்தது. மருந்து வேலை செய்ய ஆரம்பித்திருந்தது. அவள் மூச்சு சீராக வந்தது. டாக்டர் அறையில் கேட்டதை அவள் எவ்வளவு புரிந்துகொண்டாள் என்று எனக்குத் தெரியவில்லை, கேட்கவும் பயமாக இருந்தது. டிக்கெட்டை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தவள், நிமிர்ந்து பார்க்காமலேயே, "உனக்கு இப்ப தலை வலிக்குதாம்மா?" என்றாள்.

இல்லை என்ற சொல் வாய்வரை வந்துவிட்டது.

"வலிக்குது," என்றேன்.